வீட்டுப் போன் அடிக்கிற ஊர்

"எந்த ஊரெண்டாலும் வாறன். ஆனா எங்கட வீட்டுப் போன் அங்க அடிக்கவேணும்."

போர் முடிந்த ஆண்டின் நவம்பரில், ஸ்காபரோ பேருந்தில் என் முன்னிருக்கையில் இருந்த வயதான அம்மா ஒருவர் இப்படிச் சொன்னார். பக்கத்தில் அவருடைய கணவர், ஓய்வுபெற்ற லொறி சாரதி, மடியில் அமெரிக்க வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். பனிக்காலத்தைச் சூடான இடத்தில் கழிக்க, படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய ஆர்வி வண்டி ஒன்றை அவர் வாங்கியிருந்தது பேச்சில் தெரிந்தது.

"டெக்சாஸைப் பாரும். ஜனவரியிலயும் கோட்டில்லாம வெறும் சேட்டோட திரியலாம்."

"என்ர தங்கச்சியை வவுனியாத் தடுப்புக் காம்பால வெளியில விட்டா ஆருக்கு அடிப்பாள்? அவளுக்குப் பாடமான நம்பர் எங்கட வீட்டு நம்பர் ஒண்டுதான்."

"அதை என்ர செல்லுக்கு மாத்தி விடலாம்."

"போன கிழமையும் மாத்தினீங்கள். ரெண்டு நாளா வந்த கோல் எல்லாம் பீட்சாக் கடைக்குப் போனது."

"ஒரு இலக்கம்தானே பிழைச்சது!"

"ஓம், ஒண்டுதான்."

"அப்ப ஃப்ளோரிடா? கிட்ட. ரெண்டு நாளில திரும்பி வந்திடலாம்."

"அவள் ஒருக்கா அடிச்சு, ஆரும் எடுக்காட்டி, நாங்களும் இல்லையெண்டு நினைச்சிடுவாள்."

அவர் வரைபடத்தை மடித்தார்.

"ஆர்வியை எங்கட வீட்டு முன் டிரைவ்வேயிலயே நிப்பாட்டி இருப்பம். கோட்லெஸ் போன் அதுவரைக்கும் எடுக்கும்."

"பனி கொட்டேக்கையோ?"

"ஹீட்டர் இருக்குதப்பா."

"அப்ப வாறன்," என்றார் அந்த அம்மா.