தாழ்த்திப் பூட்டிய விளக்கு

சைக்கிளின் முன்விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் பூட்ட வேண்டும். வெளிச்சம் பத்து மீற்றருக்கு முன்னால் நிலத்தில் விழ வேண்டும். எதிரே வருகிறவரின் முகத்தில் விழக் கூடாது. நடந்து வருகிற ஒருவரைக் கண்டால் விளக்கின் மேல் ஒரு கையை வைத்து மறைக்க வேண்டும். இதற்கு ஒரு விநாடி போதும். சுவிசுக்கு, இந்த லாங்கன்தாலுக்கு வந்து இருபத்து நான்கு வருடமாகிறது. ஒரு நாளும் நான் இதில் தவறியதில்லை.

அரசதரப்புச் சட்டத்தரணி அம்மா, அந்தப் பெண்ணின் விளக்கு ஏன் அணைந்திருந்தது என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அதன் பொத்தானில் என் பெருவிரல் அடையாளம் இருந்ததாகவும் சொன்னீர்கள். இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளின் விளக்கு எல்லாவற்றிலும் என் விரல் இருக்கும் என்று முதல் நாள் பதில் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் பதிலும் இல்லை. என்னுடைய ஜெர்மன் தொழிற்சாலைக்குப் போதும், இதற்குப் போதாது. அதனால்தான் தாளும் பேனையும் கேட்டேன். சஜீதா தங்கச்சி இதை மொழிபெயர்த்துத் தருவா. இரண்டு நாளாக அவ என் முகத்தைப் பார்க்காமல்தான் மொழிபெயர்க்கிறா. அதை நான் பிழையாக எடுக்கவில்லை.

விரல் அடையாளம் பற்றிச் சொன்னேன் அல்லவா. தமிழ் வகுப்பு புதன்கிழமை பின்னேரங்களில் நடக்கும். நவம்பர் பிறந்தால், வகுப்பு விடுகிற நேரம் நான் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் போய் நிற்பேன். எந்தப் பிள்ளையின் விளக்கு உயர்ந்திருக்கிறதோ அதைத் தாழ்த்திவிடுவேன். யாரும் என்னைக் கேட்டுச் செய்தது அல்ல. பெற்றோர் சிரிப்பார்கள். பிள்ளைகள் எனக்கு லைற் மாமா என்று பட்டம் வைத்துவிட்டார்கள். ஒரு வருடம் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி தானாகவே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, "லைற் மாமா, என்ரயையும் பதிச்சு விடுங்கோ, அம்மான்ர கண்ணுக்குக் கூசுதாம்" என்றாள். தவராஜா என்ற என் பெயர் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு அந்தப் பட்டம் பிடித்திருந்தது. சொல்லப்போனால், இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

நான் வேலை முடிந்து வீடு திரும்புவது லாங்கெத்த ஆற்றோரப் பாதையால். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பொதுவான பாதை. விளக்குக் கம்பம் கிடையாது. டிசம்பரில் ஐந்து மணிக்கே இருண்டுவிடும். பாதையின் நடுவில் ஒரு சின்ன மரப்பாலம் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு சைக்கிள்தான் போகலாம். எதிரே வருகிறவருக்கு, என் பக்கத்தில் பாலம் முடிந்ததும் பாதை சட்டென்று இடப்பக்கம் திரும்பும். நேரே போனால் கற்சரிவு, அதற்குக் கீழே ஆறு. தெரிந்தவர்களுக்கு அது ஒன்றும் ஆபத்தான இடமில்லை.

அக்டோபர் கடைசியில் அந்த வெளிச்சம் வரத் தொடங்கியது. கிழமையில் மூன்று நாள், ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாலத்தின் மறுகரைக்கு வந்து நிற்கும். வெள்ளை வெளிச்சம். உயர்த்திப் பூட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் இருப்பது ஆணா பெண்ணா, கிழவனா பிள்ளையா என்று தெரியாது. என் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்பேன். அப்போது அது இரண்டு தரம் மின்னும்.

சுவிசில் நான் கார் ஓட்டியதில்லை. வருவதற்கு முன் ஒன்பது வருடம் வவுனியாவுக்கும் தம்புள்ளைக்கும் இடையில் வெங்காய லொறி ஓட்டினேன். அந்த வீதியில் ஒடுங்கிய பாலத்துக்கு எதிரே ஒருவன் விளக்கை இரண்டு தரம் அடித்துக் காட்டினால் ஒரே ஒரு அர்த்தம்தான். நான் வாறன், நீ ஒதுங்கு. அதற்கு மதிப்புக் கொடுக்காதவன் ஆற்றுக்குள் கிடப்பான். ஆகவே நான் ஒதுங்கினேன். ஒவ்வொரு முறையும் ஒதுங்கினேன். அந்த வெளிச்சம் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும், என்னைப் பார்த்து ரசிப்பதுபோல. பிறகு ஆறுதலாகப் பாலத்தைக் கடந்து என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு கை உயரும். பண்ணையார் கூலியாளுக்குக் கை காட்டுவார் அல்லவா, எனக்கு அது அப்படித்தான் பட்டது.

மனைவி கஜலக்சுமியிடம் சொன்னேன். "உங்களுக்கு வேற வேலையில்லையோ? ஸ்டேஷன் ரோட்டாலை வாங்கோவன். நாலு நிமிசம்தானே கூட" என்றா. உண்மைதான், நான்கு நிமிடம்தான். ஆனால் ஒழுங்காகப் போகிறவன் எதற்குப் பாதையை மாற்ற வேண்டும்? அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. தொழிற்சாலையில் என்னைவிடப் பதினெட்டு வயது இளையவன் என்னை அதட்டும்போது வராத கோபம் இதற்கு வந்தது. கோபம் என்றும் சொல்ல முடியாது. வெட்கம்.

நவம்பர் நடுவில் இணையத்தில் ஒரு விளக்கு வாங்கினேன். காட்டுக்குள் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கானது. நிலவறையில் கொளுத்திப் பார்த்தபோது சுவர் வெள்ளையாகிப் போனது; கண்ணை மூடிய பிறகும் அரை நிமிடம் அந்த வெள்ளை போகவில்லை. அதை நான் அன்றாடம் பாதையில் பாவிக்கவே இல்லை. பாவித்திருந்தால் நடந்து வருகிறவர்களுக்குத் தொந்தரவு. பழைய விளக்குக்குப் பக்கத்தில் அதைப் பூட்டி, அணைத்தே வைத்திருந்தேன். ஒரு பாடம் படிப்பிக்க வேண்டும் என்பது மட்டும்தான் எண்ணம். கண் கூசினால் எப்படியிருக்கும் என்று அந்த ஆளுக்கும் தெரிய வேண்டாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பாலத்துக்குப் போனேன். எங்கே நிற்பது, அந்த ஆள் எந்தப் பலகையில் வரும்போது கொளுத்துவது என்று பார்த்தேன். பாலத்தின் நடுவில் கொளுத்தினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடலாம். கடைசிப் பலகைக்கு முந்தியதில் கொளுத்தினால் நிற்க நேரம் கிடைக்காது. அந்தப் பலகையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு கீறினேன். நீங்கள் அதைப் படம் எடுத்துக் காட்டினீர்கள். ஓம், அது நான் கீறியதுதான்.

டிசம்பர் பதினொன்று, வியாழக்கிழமை. குளிர் மைனஸ் நான்கு. பலகைகளில் உறைபனி இருந்தது. வெளிச்சம் வந்து நின்றது, இரண்டு தரம் மின்னியது. நான் வழக்கம்போல ஒதுங்கி நின்றேன். அது கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பாலத்தில் ஏறியது. கோட்டுக்கு வந்ததும் கொளுத்தினேன்.

அந்தப் பெண் ஏற்கனவே ஒரு கையைத் தூக்கியிருந்திருக்கிறாள். ஒற்றைக் கையால்தான் சைக்கிளைப் பிடித்திருந்தாள். பாதை திரும்பியது, அவள் திரும்பவில்லை. சத்தம் பெரிதாக இல்லை. முதலில் சைக்கிளின் சத்தம், பிறகு கற்கள், பிறகு தண்ணீர்.

அந்த வெளிச்சம் மின்னுவதையும் கை உயர்வதையும் நான் சொன்னதும், இங்கே விளக்கை அடித்துக் காட்டினால் என்ன அர்த்தம் என்று முந்தாநாள் நீங்கள் சொன்னீர்கள். சஜீதா தங்கச்சி அதைத் தமிழில் சொன்னா. "அண்ணை, இஞ்ச அப்பிடி அடிச்சால் நீங்கள் முதல்ல வாங்கோ எண்டுதான் சொல்லுறது. அவள் ஒவ்வொரு நாளும் உங்களுக்குத்தான் வழி விட்டவள். நீங்கள் வரேல்லை எண்டாப் பிறகுதான் தான் வந்தவள். கையைத் தூக்கினது நன்றி சொல்ல." இரண்டு இரவாக இதைத்தான் யோசிக்கிறேன். இருந்தாலும் ஒன்று சொல்வேன். விளக்கைத் தாழ்த்திப் பூட்டியிருந்தால் நான் முகத்தைப் பார்த்திருப்பேன். முகத்தைப் பார்த்திருந்தால் இது ஒன்றும் நடந்திராது.

பெரிய விளக்கை அணைத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு சரிவின் விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தேன். இடுப்புக்குக் கீழே தண்ணீருக்குள் கிடந்தாள். என் பழைய விளக்கின் வெளிச்சம் முகத்தில் பட்டதும் கண்ணைச் சுருக்கினாள். நான் உடனே அதைத் தாழ்த்தினேன். அதைக் கண்டுதான் என்னை அடையாளம் பிடித்திருக்க வேண்டும்.

"லைற் மாமாவோ? நான் ரிஷானி, மாமா. காலை அசைக்கேலாமல் கிடக்கு. ஆரோ லைற் அடிச்சது, ஒண்டும் தெரியேல்லை."

எனக்கு அந்த முன்பல் இல்லாத வாய்தான் ஞாபகம் வந்தது. இப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. முதியோர் இல்லத்தில் இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் என்பது பிறகுதான் தெரியும்.

"அசையாமல் இரு பிள்ளை. ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றேன்.

அதைச் சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன். என் கைத்தொலைபேசி சட்டைப்பையில் இருந்தது. அம்புலன்சுக்கு நூற்று நாற்பத்து நான்கை அழுத்த வேண்டியதுதான். அப்போது அவள் மறுபடி கேட்டாள்: "ஆர் மாமா அது? நீங்கள் கண்டனீங்களோ?" என் சைக்கிளில் இரண்டு விளக்குப் பூட்டியிருந்தது. அம்புலன்ஸ் வந்தால் அவளும் பார்ப்பாள், வந்தவர்களும் பார்ப்பார்கள். புதன்கிழமை வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும், லைற் மாமாதான் லைற் அடித்தவர் என்று. தொலைபேசியை நான் வெளியே எடுக்கவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவளுடைய விளக்கு கழன்று பாதிச் சரிவில் புல்லுக்குள் விழுந்து எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் நேரே மேலே, பாதையில் போகிறவர்களின் கண் மட்டத்துக்கு அடித்தது. யார் அந்தப் பக்கம் வந்தாலும் கண் கூசியிருக்கும், நின்று பார்த்திருப்பார்கள். நான் இறங்கினேன். பொத்தான் சின்னது, கையுறையோடு அழுத்த முடியவில்லை. வலக் கையுறையைக் கழற்றினேன்.

"மாமா, அது எரியட்டும். எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள்.

"கண் கூசும் பிள்ளை" என்றேன். அழுத்தினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு வயதானவர் நாயோடு எதிரே வந்தார். என் விளக்கைக் கையால் மறைத்தேன். "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டுப் பாலத்தின் பக்கம் நடந்து போனார். வீட்டில் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் இருந்தது, சாப்பிட்டேன். கை ஏன் விறைத்திருக்கிறது என்று கஜலக்சுமி கேட்டா. கையுறையை வேலையிடத்தில் விட்டுவிட்டேன் என்றேன். பெரிய விளக்கை நிலவறையில் பழைய துணிக்குள் சுற்றி வைத்தேன்.

ஒன்பது மணி வரையாவது அவள் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று மருத்துவ அறிக்கையில் இருப்பதாகச் சொன்னீர்கள். அதற்குள் ஏழு பேர் அந்த இடத்தைக் கடந்து போயிருக்கிறார்கள், ஒருவரும் ஒன்றையும் காணவில்லை என்று விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரின் இரைச்சலில் அவளுடைய குரல் மேலே வந்திருக்காது. செத்ததற்குக் காரணம் நான்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். கீழே கையெழுத்தும் வைக்கிறேன். ஆனால் அந்த விளக்கைப் பற்றி மட்டும் நீங்கள் பிழையாக எழுதிவிடக் கூடாது. அன்று அந்தப் பாதையால் போன ஏழு பேரில் ஒருவருக்கும் கண் கூசவில்லை.