செப்புக்குடத்தை வெட்டியவள்

— தாய்வூட்டு செப்புக்குடத்த வெட்டிட்டியாமே ருக்கு? பாகூர் சந்தை வரைக்கும் பேசிக்கறாங்க.

— வெட்டுனன்க்கா. அடித்தகடு மட்டுந்தான். மீதி கொட்டாயில கெடக்குது, வேணும்னா பாரு.

— சீரு கொடம்டி அது. ஒங்கம்மா நெட்டப்பாக்கத்துலேந்து தலமேல வச்சி எடுத்தாந்தது. அத போயி யாராச்சும் கத்திரியால நறுக்குவாங்களா?

— தண்ணி மொள்ளத்தான குடுத்தாங்க. தண்ணி மொள்ளத்தான் நறுக்குனன்.

— வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல. நான் சொல்றத கேளு. எங்க வூட்டுக்காரரு தெருமொனையில வண்டிய நிறுத்திட்டு ஒக்காந்திருக்காரு. பத்திரம் எங் கையில இருக்குது, நானே படிச்சிப் பாத்துட்டன். நீ ரேகை வச்சா முடிஞ்சிடும். ஒன் ரெண்டு காணிய நாங்க பயிரு வச்சிக்கறோம். நீ ஒங்கம்மா வூட்டுல போயி நிம்மதியா இரு. வருசா வருசம் நெல்லு வண்டியில வந்துடும்.

— விசாலாட்சி அக்கா, அந்த மண்ணெண்ண டப்பாவ தள்ளி வச்சிட்டு மொதல்ல ஒக்காரு. பொடவயில கரி ஒட்டிக்கப்போவுது.

— ஒக்கார வரல. எங் கொழுந்தன், ஒம் புருசன், சைகோனுக்கு கப்பலேறி மூணு வருசம் ஆவுது. ஒன்ற வருசமா ஒரு கடுதாசி கெடயாது. பங்குனி கடசிக்குள்ள ஒங் கயினியில பயிரு பச்ச புடிக்கலன்னா காணி அண்ணங்காரன் பொறுப்புன்னு பஞ்சாயத்துல சொன்னாங்களா இல்லியா? இன்னும் எட்டு நாளுதான் இருக்குது.

— சொன்னாங்க. சொன்ன மறுநாளே ஒங்க வூட்டு பெரியவரு வந்து கவல எறைக்கற மாட்டு ஜோடிய ஓட்டிக்கினு போயிட்டாரு. அதயும் பஞ்சாயத்துல சொல்லியிருக்கலாம்.

— கடனா வாங்கினு போனாரு.

— கட்டுத்தறியோட புடுங்கினு போறது எந்தூரு கடன்க்கா? மாடு இல்லாம கவல எறைக்க முடியாது, பயிரு காஞ்சிடும், அழுதுக்கினே ரேகய வச்சிடுவான்னு நெனச்சாரு. அதான் இத அவுத்துப் போட்டன்.

— அந்த மோட்டார் சைக்கிள? அது செத்துப்போயி எத்தினி நாளாவுது? கோழி அடையுது அதுல.

— சாவல. மோட்டாரு தலைதான் கெட்டுப்போச்சி. எங்க வூட்டுக்காரரு இங்க இருந்தப்பவே அவுத்தாரு. புதுச்சேரியில அத வித்த தொரை அந்தத் தலைக்கு குலாஸுன்னு பேரு சொன்னாராம். அவரு அவுத்து அவுத்து குடுப்பாரு, நான் துணிய விரிச்சி வரிசயா அடுக்குவன். பாதியில கப்பலுக்கு ஆள் வந்துடுச்சி, மூட்ட கட்டி வச்சிட்டு போயிட்டாரு. எது எதுக்கப்புறம் வந்துச்சின்னு எங் கைக்கு தெரியும்.

— கைக்கு தெரிஞ்சா போதுமா? அதுக்கு புதுச்சேரியிலேந்து மெக்கானிக்கு வரணும், சீமையிலேந்து சாமான் வரணும். நெல்லு விக்கற வெலையில எங்க போவ நீ?

— எங்கியும் போவல. ஒக்காருக்கா, சொல்றன். மொதல்ல உள்ள அப்பியிருந்த கரி. சோறு தீஞ்ச சட்டி மாதிரி இம்மாம் கனம். ரெண்டு நாளு மண்ணெண்ணயில ஊறப்போட்டு மூங்கி சிம்பால சொரண்டுனன். பாத்தா தலைக்குள்ள வால்வுன்னு ரெண்டு மூடி, புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து போவ வர்றதுக்கு. அதுல பொக போற மூடி வெளும்பெல்லாம் தின்னுபோயி கெடந்துச்சி. மூடி சரியா மூடலன்னா மோட்டாருக்கு மூச்சு உள்ள தங்காது.

— சரி. அதுக்கு?

— வில்லினூரு மில்லுல கடசல் வேல பாக்கறாரே பச்சையப்பன், அவருகிட்ட போனன். ஒடஞ்ச பஸ்ஸுல கழட்டிப்போட்ட பழய வால்வு ஒண்ணு இருந்துச்சி. அத தேச்சி இந்த அளவுக்கு கொண்டாந்து குடுத்தாரு. கூலிக்கு ரெண்டு மரக்கா மல்லாட்ட குடுத்தன்.

— பொம்பள நீ தனியா வில்லினூருக்கு நடந்தியா?

— நடுவுல இருக்கற இங்கிலீசுக்காரன் எல்லையத் தாண்டி, பிரெஞ்சுக்காரன் சாவடியத் தாண்டி நடந்தன். கூடையில இன்னான்னு கேட்டாங்க. மல்லாட்டயும் இரும்புந்தான்னேன். இரும்பு இன்னாத்துக்குன்னாங்க. சோறு தின்றதுக்குன்னேன். வுட்டுட்டாங்க.

— அய்யோ ருக்கு.

— அப்பறம் மூடிய அதோட குழியில பொருத்தி தேய்க்கணும். கடையில விக்கற தேய்ப்புப் பசைக்கு நான் எங்க போறது. சாணை புடிக்கறவன்கிட்ட குருந்தப்பொடி ஒரு சங்கு வாங்கி வெளக்கெண்ணெயில கொழச்சன். வால்வு காம்புல குச்சிய கட்டி, ரெண்டு உள்ளங்கையிலயும் வச்சி, மோரு கடையற மாதிரி இப்பிடியும் அப்பிடியும். நடு நடுவுல தூக்கி தூக்கி வக்கணும், இல்லாட்டி ஒரே எடத்துல கோடு வுழுந்துடும். நாலு நாளு தேச்சன். கைய பாரு.

— தோலு உரிஞ்சி போயிருக்குதேடி.

— வெளக்குப் பொகைய அதுல தடவி மூடி பாத்தன். சுத்தி ஒரே சீரா நூல் மாதிரி கறுப்பு வளையம் வுழுந்துச்சி. மண்ணெண்ண ஊத்தி காலையிலேந்து உச்சி வரைக்கும் வச்சன், ஒரு சொட்டு கசியல. அதுக்கப்பறம் தலையோட அடிப்பக்கம் கோணலா இருந்துச்சி. அவரு வாங்கியாந்த நெலக்கண்ணாடிய படுக்கப்போட்டு, அதுமேல பொடி தூவி, தலைய வச்சி தேச்சித் தேச்சி மட்டம் பண்ணன்.

— அந்தக் கண்ணாடியையுமா?

— மூஞ்சி பாத்து இன்னா ஆவப்போவுது. தலைக்கும் ஒடம்புக்கும் நடுவுல வக்கத்தான் செப்புத்தகடு. வெட்டி, ஓட்டை போட்டு, அடுப்புல செவக்க செவக்க காச்சி தண்ணியில போட்டன். அப்பத்தான் செம்பு மெதுவாவும், அழுத்துனா சந்துல ஒக்காரும். நேத்து சாயங்காலம் எல்லாத்தயும் மாட்டி முடுக்கிட்டன்.

— நான் சொல்றத கேளு ருக்கு. ஒனக்கு கெட்டிக்காரத்தனம் இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா ஆம்பளைங்க ஒண்ணு முடிவு பண்ணிட்டா நம்ம அதுல நிக்கமுடியாது. நானும் போட்டவதான் கையெழுத்து. எங்கப்பா எனக்குன்னு குடுத்த வில்லினூரு கட, எங்க வூட்டுக்காரரு ஒரு காயிதத்த நீட்டுனாரு, படிச்சிக்கூட பாக்காம போட்டன். கட கைவுட்டுப் போச்சி, இன்னிக்கி அந்தத் தெரு வழியா போனா அந்தப் பக்கம் திரும்ப மாட்டன்.

— அப்பறம் எந்த மனசோட எங்கிட்ட காயிதம் கொண்டாந்த?

— கேக்காத.

— சரி, கேக்கல. எந்திரி. கெணத்தண்ட வா. டயர கழட்டிட்டு வண்டிய கட்டையில தூக்கி நிறுத்தியிருக்கன். சக்கர வளையத்துலேந்து பம்புக்கு தோல்வாரு போட்டிருக்கன். அவரு மில்லுல கழிச்சிப்போட்ட பம்ப வாங்கி வச்சிட்டு போனதுதான். நீ வாரு பக்கம் நிக்காத, முந்தானய இழுத்துக்கும்.

— நீயா ஒதைக்கப் போற? பொடவய ஏத்திக் கட்டிக்கினு? தெருவுல ஆளு போவுதுடி.

— போவட்டும். தள்ளிக்க.

— ம்க்கும். ஒண்ணும் வரல.

— இன்னொரு வாட்டி.

— பொகதான் வருது. வுட்டுடு ருக்கு, கால ஒடச்சிக்காத.

— பெட்ரோலு எறங்கல, அவ்ளோதான். மூச்சு நல்லா புடிக்குது, கால எதுத்து தள்ளுது பாரு. முன்ன இப்பிடி தள்ளாது. இரு.

— ஆத்தா. புடிச்சிக்கிச்சி. புடிச்சிக்கிச்சிடி.

— கத்திப் பேசுக்கா, கேக்கல.

— தண்ணி வருதுன்னு சொல்றன். தோ, கொழாயில. மொதல்ல சேறு, இப்ப தண்ணி. வாய்க்கால்ல ஏறிடுச்சி.

— மடைய தொறந்து வுடு. கால் கிட்டத்தான இருக்குது, அந்த மண்ண மெதிச்சி தள்ளு.

— தள்ளிட்டன். போவுது. வெடிப்புல எல்லாம் பூந்து பூந்து போவுது.

— போதும், அமத்திடறன். நின்ன எடத்துல ஓடற மோட்டாரு, காத்துபடாது. அர நாழி ஓட்டி அர நாழி ஆறவுடணும். அப்பிடி பண்ணாலே நாலு நாள்ல ரெண்டு காணியும் நனஞ்சிடும்.

— ருக்கு, எங் கொழுந்தன் இத பாக்கணும். வந்து எறங்கன ஒடனே மொதல்ல இங்கதான் இட்டாரணும் அவர.

— அவரு வரமாட்டாருக்கா.

— வாய கழுவு. இன்னா பேச்சு இது.

— எனக்கு ஜொரம் வந்தப்ப பத்து நாளு கஞ்சி ஊட்டுனவ நீ. ஒங்கிட்ட பொய் சொல்ல முடியல. தை மாசம் வீராம்பட்டினத்துக்காரரு ஒருத்தரு கப்பல்லேந்து எறங்கி நேரா இங்க வந்தாரு. நடேசன்னு பேரு. சைகோன்ல இவரு காவல் இருந்த அதே கடையில வேல. ஒரு சட்ட, ஒரு கடியாரம், அவ்ளோதான் குடுத்தாரு. இவரு ஐப்பசியிலியே வெஷ ஜொரத்துல போயிட்டாராம். அங்கியே பொதச்சிட்டாங்களாம்.

— தை மாசமா? இப்ப பங்குனி.

— அந்தாளு போனதும் கெணத்துப் படியில எறங்கி, அடியில ஒக்காந்து அழுதன். மேல நின்னு அழுதா யாருக்காச்சும் கேட்டுடும். மேல ஏறி வந்து மூஞ்சிய கழுவுனன். வெளிய போயி ஒங்க வூட்டு மாட்டுக்கு வெலகி நின்னு, ஒங்க பிள்ளைங்களுக்கு சிரிச்சி காமிச்சிட்டு வந்தன். மறுநாளு மோட்டார பிரிச்சன்.

— நெத்தியில பொட்டு வச்சிருக்கியேடி.

— வச்சிருக்கன். பொட்ட அழிச்சன்னா காணியும் அதோட அழிஞ்சிடும். பாகம் பிரிக்காத சொத்து. பத்திரம் எழுதற நொத்தேரு குமாஸ்தாகிட்ட வேற யாருக்கோ கேக்கற மாதிரி விசாரிச்சன். புருசன் போயிட்டா எல்லாம் அண்ணனுக்கு, பொண்டாட்டிக்கு சோறும் துணியும்னாரு. அவரு உசுரோட இருக்கறதா இருந்தாத்தான் எங் கைநாட்டு இல்லாம யாரும் தொடமுடியாது. அதான் அவர சாவ வுடாம வச்சிருக்கன்.

— ஏன்டி எங்கிட்ட சொன்ன? நான் அவரு பொண்டாட்டி. வண்டியில ஏறுனா, மூஞ்சிய பாத்தே கேட்டுடுவாரு.

— சொல்றதுன்னா போயி சொல்லு. நான் கால்ல வுழ மாட்டன். ஆளுங்கள இட்டுக்கினு வரட்டும், வரப்புல நிப்பன். வெதச்சது நான், எறைக்கறது நான். அறுக்கப்போறதும் நாந்தான். இங்கேந்து என்ன தூக்கிக்கினுதான் போவணும்.

— சும்மா இரு. வண்டி சத்தம் கேக்குது. இங்கியே வர்றாரு.

— வரட்டும்.

— விசாலம். இன்னாடி இவ்ளோ நேரம்? அது இன்னா மோட்டாரு சத்தம்? ரேகை வச்சாளா இல்லியா?

— வக்கமாட்டாளாங்க. ஒங்க தம்பிகிட்டேந்து கடுதாசி வந்திருக்குது, எங் கண்ணால படிச்சன். அறுப்புக்கு வந்துடறாராம். அதுவரைக்கும் காணியில யாரும் கால் வக்கக்கூடாதுன்னு எழுதியிருக்காரு. நீங்க வண்டிய திருப்புங்க.