டர்போ ஆறும் நேரம்

சேந்தமங்கலம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். என் கண் ஜன்னலில் இருந்தது, காது அவர்களிடம்.

“எங்கூட்டுக்காரரு காருக்குள்ளயே குடியிருக்கறாருங்க்கா.”

“ஏனாமா?”

“காரு நீலப் பொகையாக் கக்குச்சு. டர்போவுல ஆயில் ஒழுகுதுன்னு மெக்கானிக் சரிபண்ணுனாரு. இனிமே சூட்டோட இஞ்சின அணைக்காதீங்க, ரெண்டு நிமிசம் சும்மா ஓடவுட்டு ஆறுனதும் அணைங்கன்னாரு. எங்கம்மா வந்ததுலருந்து இவரு வாசல்ல அரை மணி நேரம் ஆறவெக்கறாரு! மாப்ளைக்கு நான் வந்தது புடிக்கலைன்னு அம்மா பையோட கெளம்பிருச்சு.”

“அய்யோ! அப்பறம்?”

“அம்மாவக் கூட்டிப்போயி காருல அவரு பக்கத்துலயே உக்காரவெச்சேன். ஆறுற வரைக்கும் பேசிட்டிருங்கன்னேன்.”

“அவரு?”

“டர்போ ஆறிருச்சுன்னு அப்பவே அணைச்சுட்டு, அம்மா பையத் தூக்கிட்டு ஊட்டுக்குள்ள ஓடிட்டாருங்க்கா.”