மூன்று கோட்டு போட்ட கேட்டு

இந்தத் தெருவுக்குத் தலைவராகவும், இந்தக் கூட்டத்துக்குத் தலைவராகவும், தம் மகளை எனக்குக் கொடுத்த வகையில் என் தலையெழுத்துக்கே தலைவராகவும் விளங்குகிற, மிடுக்கும் மீசையும் மிக்க என் மாமனார் அவர்களே! அவருக்கு வலப்பக்கம், அளவு நாடாவைக் கழுத்தில் மாலையாக அணிந்து, எந்த நேரமும் எழுந்து எவரையும் அளந்துவிடுவாரோ என்று நம்மை அஞ்ச வைத்தபடி அமர்ந்திருக்கும் தையற்கலைஞர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! நாற்காலி கிடைக்காவிட்டாலும் நகராமல் நிற்கும் நல்லோர்களே! பெற்று, வளர்த்து, பேணிக் காக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கு நடுவே, மூன்றாம் வரிசையில், என்னைத் தவிர இந்த மேடையில் உள்ள எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவி அவர்களே! அவையின் எல்லைக்கு அப்பால், தெருமுனையில், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோட்டு அணிந்து நிற்கும் நம் இரும்புக் கேட்டு அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பெயிண்ட் கடைக்காரனின் பணிவான வணக்கம்.

நாம் எதற்காகக் கூடியிருக்கிறோம்? கேட்டுக்கு நான்காவதாக ஒரு மழைக்கோட்டு, தலைக்குத் தொப்பி வைத்த மழைக்கோட்டு, தைக்கலாமா என்று கைதூக்கி முடிவு செய்யக் கூடியிருக்கிறோம். தைக்கலாம் என்பது தலைவரின் தீர்மானம். அதை ஆதரித்துப் பேசுகிற பொறுப்பை அவர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். "மாப்பிள்ளை, நீங்க பேசினா எடுபடும்" என்றார். எடுபடுமா, அடிபடுமா என்பது இன்னும் சற்று நேரத்தில் தெரிந்துவிடும்.

அன்பர்களே! இந்த வரலாற்றின் தொடக்கத்தை எண்ணிப் பாருங்கள். அப்போது நம் கேட்டின் நிலை என்ன? தள்ளினால் கை பழுப்பு. சாய்ந்தால் சட்டை பழுப்பு. இழுத்து மூடினால் எழுந்த ஓசையில் நான்கு வீட்டுக் குழந்தைகள் விழித்து அழுதன. துடித்துப்போனார் தலைவர். துரு தின்கிறதே என் தெருவின் கேட்டை என்று துவண்டுபோனார். எனக்குப் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, கேட்டு துரு பிடிச்சுப் போச்சு. என்ன பண்ணலாம்?"

"மூணு கோட்டு போட்டுடுங்க மாமா. அடியில ஒண்ணு, மேல ரெண்டு. அப்புறம் வருஷக்கணக்கா கவலையில்ல."

மைக்கை மூடிக்கொண்டு, தலைவர் காதில் விழாமல், உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: பெயிண்ட் கடைக்காரன் வாயிலிருந்து வருகிற சொல்லுக்கு முன்னால் பெயிண்ட் என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்துவிட்டேன். அவரோ, பெண்ணைக் கொடுத்த மாமனாரிடம் மாப்பிள்ளை கடை வியாபாரம் பேசுவானா என்று நினைத்துவிட்டார். எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை! தொடர்ந்து கேட்டார்.

"எந்த மாதிரி எடுக்கறது?"

"பளபளன்னு இருக்கறதா எடுங்க மாமா. மங்கலா இருந்தா அழுக்கு புடிச்சுக்கும். பளபளப்புன்னா ஈரத்துணியால ஒரு தடவ துடைச்சாப் போதும்."

"கனமா எடுக்கலாமா?"

"வேண்டாம், மெல்லிசாதான் இருக்கணும். கனமாப் போட்டா வழிஞ்சு தொங்கும். ஒண்ணு நல்லாக் காஞ்சப்புறம்தான் அடுத்தது. பிரஷ்ஷும் முடி கொட்டாததாப் பார்த்து வாங்குங்க. அவசரப்படாதீங்க."

இதில் ஒரு சொல்லையாவது அவர் மீறினாரா? மீறவில்லை! பளபளக்கும் துணி எடுத்தார். மெல்லிய துணி எடுத்தார். முதல் கோட்டைத் துவைத்து, காய வைத்து, காய்ந்ததா என்று கன்னத்தில் ஒற்றிப் பார்த்து, அதன் பிறகே இரண்டாவதைப் போட்டார். மருமகன் சொல்லை இப்படி அட்சரம் பிசகாமல் நிறைவேற்றிய மாமனார் இன்னொருவர் உண்டா? சொல்லுங்கள்!

என்ன ஐயா? பின்னால் யாரோ தையற்காரரைப் பற்றிச் சொல்லச் சொல்கிறார். சொல்லாமல் விடுவேனா? கேட்டின் முன்னால் போய் நின்று, பழக்க தோஷத்தில், "கையைக் கொஞ்சம் தூக்குங்க சார்" என்றார் இவர். கேட்டு தூக்கவில்லை. கீல் இருக்கிற இடத்தைத் தோள் என்று கொண்டார். தாழ்ப்பாள் வெளியே வரக் காஜா வைத்தார். பை வைக்காத கோட்டு கோட்டே அல்ல என்று இருபுறமும் பை வைத்தார். இன்று பேப்பர் போடுகிறவர் அந்தப் பையில்தான் நம் செய்தித்தாள்களைச் செருகிவிட்டுப் போகிறார். புதிதாக வந்த கொரியர்காரர் அந்தக் கேட்டிடம் நின்று, "சார், கடைசி வீட்டுக்கு எப்படிப் போறது?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால், "பெரிய மனுஷங்கன்னா நம்மள மதிக்கவே மாட்டேங்கறாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். இப்படி ஒரு மரியாதை எந்தத் தெருவின் கேட்டுக்குக் கிடைத்திருக்கிறது?

தலைவர் அவர்களின் போன் மணி அடிக்கிறது. யார் மாமா? மழைக்கோட்டுத் துணிக்கடையா? மீட்டர் கணக்கு கேட்கிறார்களா? பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள். இங்கே இரைச்சலாக இருக்கும், பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்ப் பேசுங்கள். படி, பார்த்து மாமா.

போய்விட்டாரா? மைக்செட்காரரே, சத்தத்தை நன்றாகக் குறையுங்கள்.

உறவுகளே, ஓடோடிச் சொல்லிவிடுகிறேன், காது கொடுங்கள். என் குடும்பம் உங்கள் கையில் இருக்கிறது. மூன்று கோட்டோடு அந்தக் கேட்டை முதன்முதலில் பார்த்த அன்று நான் சிரித்துவிட்டேன். சாதாரணமாக அல்ல, நடுத்தெருவில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டேன். என் மனைவி அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். கெஞ்சினேன், கொஞ்சினேன், கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அந்தக் கேட்டு யார் மேலயாவது விழறதுக்குள்ள பெயிண்ட் அடிச்சாகணும். ஆனா எங்கப்பா தலை குனியக் கூடாது. ரெண்டும் நடந்தா வர்றேன். ஒண்ணு நடந்து ஒண்ணு நடக்கலேன்னா, நீங்க கடையிலேயே பெயிண்ட் டப்பா மேல படுத்துக்கலாம்."

அவள் சொன்னதில் பிழை உண்டா? துணி மழையைக் குடிக்கிறது. குடித்த மழையை இரும்புக்கு ஊட்டுகிறது. கோட்டுக்கு உள்ளே துரு கொழுக்கிறது. போன வாரம் கேட்டின் இடப்பக்கத்து இரும்புப் பூ ஒன்று உதிர்ந்து கோட்டுப் பைக்குள் விழுந்தது. பூ உதிர்ந்தாயிற்று, கதவு உதிர எத்தனை நாள் ஆகும்? நான்காவது கோட்டுக்கு நீங்கள் கைதூக்கினால் கேட்டும் போயிற்று, என் வீடும் போயிற்று. தலைவர் செய்தது தவறு என்று சொல்லிக் கைதூக்காவிட்டால், கேட்டு பிழைக்கும், என் வீடு போயிற்று.

தையற்காரரே, உங்களுக்கு இது தெரியாதா? என்ன சொல்கிறார் கேட்டீர்களா? "அன்னைக்கே தெரியும். ஆனா அளவெடுக்கக் கூப்பிட்டா அளவெடுக்கறதுதான் என் வேலை" என்கிறார். வாழ்க உங்கள் தொழில் பக்தி! ஆகவே, என் அன்புக்குரியவர்களே, இப்போது நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நான் என்ன சொன்னாலும் ஆமாம் என்று தலையாட்டுங்கள். ஒருவரும் சிரிக்கக் கூடாது. கெஞ்சிக் கேட்கிறேன், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். வருகிறார்! சத்தத்தைக் கூட்டுங்கள்!

...ஆகவேதான் சொன்னேன், தலைவரின் தொலைநோக்குக்கு ஈடு இணை இல்லை என்று! வாருங்கள் மாமா, அமருங்கள். உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நண்பர்களே! நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். தலைவர் நமக்கு என்ன சொன்னார்? மூன்று கோட்டு போடுங்கள் என்றார். துணியில் போடுங்கள் என்றாரா? தூய பட்டில் போடுங்கள் என்றாரா? தோளுக்குப் பஞ்சு வையுங்கள் என்றாரா? கோட்டு என்றார்! கோட்டு என்ற ஒற்றைச் சொல்தான் சொன்னார்! நாம்தான், சின்னப் புத்திக்காரர்களாகிய நாம்தான், அதைத் துணிக்கோட்டு என்று எடுத்துக்கொண்டோம். தையற்காரர் தப்பாக எடுத்துக்கொண்டார். உங்களை விடுங்கள், பெயிண்ட் கடை வைத்திருக்கிற நானே தப்பாக எடுத்துக்கொண்டேன்! அவர் சொன்னது பெயிண்ட் கோட்டு, பெரியோர்களே! நம் மனம் நோகக் கூடாது என்பதற்காக, நாம் துணியைத் தைத்தபோதும் வாய் திறக்காமல், தாமே நூலும் ஊசியும் எடுத்துக் கொடுத்து, என்றைக்காவது இவர்களுக்குப் புரியும் என்று பொறுத்திருந்தார். பொறுமை! இதுவன்றோ பொறுமை!

தலைவர் எழுகிறார். என்ன சொல்கிறார் என்று கேட்போம்.

"அதைத்தானே நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்! யாருக்குப் புரிஞ்சுது?"

கைதட்டுங்கள்! இன்னும் பலமாகத் தட்டுங்கள்! இப்போதாவது புரிந்ததே நமக்கு! இனி அவர் மனத்தில் இருந்த அந்த மூன்று கோட்டு எவை என்பதை அவர் சார்பில் நான் விளக்குகிறேன்.

முதலில் துணிகளைக் கழற்ற வேண்டும். மரியாதையோடு கழற்ற வேண்டும். பிறகு கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்ட வேண்டும். தளர்ந்த துருவின்மேல் பெயிண்ட் அடித்தால், துரு உதிர்கிற அன்று பெயிண்டும் அதனோடு கிளம்பிவிடும். சுரண்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தூசியைத் தட்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்த வேண்டும். அதன்மேல் ஒன்று, அதுதான் அடிக்கோட்டு, இரும்புக்கென்று உள்ள பிரைமர். அது காய்ந்த பிறகு மேல் கோட்டு இரண்டு, பளபளப்புப் பெயிண்ட்.

ஏன் பளபளப்பு? மழை அதில் நின்று பார்த்தால் வழுக்கி விழும்! தூசி அதில் குடியிருக்கப் பார்த்தால் ஒரு துடைப்பில் வெளியேறும்! ஆனால் ஒன்று சொல்கிறேன், மறைக்க மாட்டேன். பளபளப்புப் பெயிண்ட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அடியில் ஒரு மேடு இருந்தால் அதையும் மினுக்கிக் காட்டும். மங்கல் பெயிண்ட் மூடி மறைக்கிற குறையை இது மேடை போட்டு அறிவிக்கும். ஆகவே அடிவேலையில் சோம்பக் கூடாது.

மழை மூட்டமான நாளில் அடிக்காதீர்கள். டப்பாவை அடிவரை கலக்காமல் தொடாதீர்கள். ஒரே பூச்சில் முடித்துவிடலாம் என்று அப்பாதீர்கள், அப்பினால் கண்ணீர்விட்டது மாதிரி வழிந்து அப்படியே காய்ந்துவிடும். மெல்லிசாக, நிதானமாக, முடி கொட்டாத நல்ல பிரஷ்ஷால்...

தலைவர் மறுபடியும் எழுகிறார்.

"மாப்பிள்ளை, நான் சொன்னது பெயிண்ட்தான்னு இன்னும் யாருக்காவது சந்தேகம் இருந்தா, இதோ அத்தாட்சி! அன்னைக்கே பிரஷ்கூட வாங்கி வச்சுட்டேன். முடி கொட்டாத பிரஷ்ஷாப் பார்த்து, ஒரு டஜன்!"

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து... பிரித்து... உயர்த்திக் காட்டுகிறார்.

அவையோரே, அவர் கையில் இருப்பவை... பல் துலக்கும் பிரஷ்.

ஒரு டஜன். கலர் கலராக.

யாரும் சிரிக்காதீர்கள். நான் சிரிக்கவில்லை. பாருங்கள், என் முகத்தைப் பாருங்கள், சிரிக்கிறேனா? தையற்காரர் அளவு நாடாவை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுகிறார், அது ஆனந்தக் கண்ணீர். முன்வரிசைப் பெரியவர் நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடுகிறார், அவர் செருப்பைத்தான் தேடுகிறார். ஐயா, தயவுசெய்து, என் வாழ்க்கை...

யாரது? தாய்மார்கள் பக்கத்திலிருந்து வருகிறதே, கலீரென்று, யார் அது சிரிப்பது?

மூன்றாம் வரிசை.

பெற்ற மகளே சிரிக்கிறாளே, மாமா, நான் என்ன செய்வேன்! முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, பக்கத்தில் இருப்பவர்மேல் சாய்ந்து சிரிக்கிறாள். இத்தனை நாள் கழித்து இப்போதுதான் என்னைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு இன்னும் அதிகமாகச் சிரிக்கிறாள். உன்னிடம்தான், இந்த மைக் முன்னாலேயே சொல்கிறேன், இந்தச் சிரிப்பில்லாமல் நம் வீடு பாழடைந்து கிடக்கிறது.

ஏன் சிரிக்கிறாள் என்றா கேட்கிறீர்கள் மாமா? பெருமையில் சிரிக்கிறாள்! ஏனென்றால், பெரியோர்களே, கேட்டின் இரும்புப் பூக்களை நினைத்துப் பாருங்கள். இதழுக்கும் இதழுக்கும் நடுவே எத்தனை இடுக்கு? அந்த இடுக்கில் ஒளிந்திருக்கும் துருத்தூளை எந்தப் பெரிய பிரஷ் தொடும்? தொடாது! பல் துலக்கும் பிரஷ் ஒன்றுதான் தொடும்! இது நான் விளையாட்டுக்குச் சொல்வதல்ல, கடைக்காரனாகச் சொல்கிறேன், மெய்யாகவே தொடும். அதையும் முன்கூட்டி அறிந்து, ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறார் என் மாமனார். குனியுமா இந்தத் தலை? குனியாது! குனியவே குனியாது!

பெயிண்ட் கோட்டுக்குச் சம்மதம் என்பவர்கள் கைதூக்குங்கள். எல்லாக் கையும் தூக்கியாயிற்று. தலைவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். தையற்காரர் எழுந்து எல்லாருடைய கை நீளத்தையும் கண்ணாலேயே அளக்கிறார்.

என்ன? சத்தமாகச் சொல், கேட்கவில்லை. "அப்பாவோட பிரஷ்ல ஒண்ணு வாங்கிட்டு வாங்க. உங்க வீட்டுல இருக்கறது முடியெல்லாம் கொட்டிப் போயிருக்கும்" என்கிறாள்.

உங்க வீட்டுல என்றுதான் சொல்கிறாள். பரவாயில்லை. நம்ம வீட்டுல என்பதற்கு இன்னும் ஒரு கோட்டு பாக்கி இருக்கிறது, காய்ந்ததும் போட்டுவிடலாம்.

மாமா, அந்தப் பச்சை ஒன்றைக் கொடுங்கள். சிவப்பும் ஒன்று கொடுங்கள், இருவருக்கும் வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு என்னைக் காப்பாற்றிய பெரியோர்களுக்கும், சத்தத்தைக் குறைத்த மைக்செட்காரருக்கும், சரியான நேரத்தில் போன் செய்த துணிக்கடைக்கும், தையற்கலைக்கும், தலைமைக்கும் என் நன்றி. நாளை வெயில் அடிக்கும் என்கிறார்கள். அனைவரும் பழைய சட்டையோடு கேட்டுக்கு வந்து சேருங்கள். கோட்டு வேண்டாம். வணக்கம்!