ஏர் எடுக்காமல் விட்ட வேன்

என் பெயர் சந்தனம், வயது 34, தகப்பனார் பெயர் நல்லமுத்து. சித்திரபுரத்துக்கு மேலே உள்ள தேயிலை எஸ்டேட்டில் பத்தாம் நம்பர் லயத்தில் நான்காவது வீட்டில் மனைவி, மூன்று பிள்ளைகளுடன் குடியிருக்கிறேன். அந்த எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருடமாக மெக்கானிக் வேலை செய்கிறேன். இன்று 20-6-1974 வியாழக்கிழமை யாரும் கூப்பிடாமல் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்து, தமிழ் தெரிந்த ஏட்டு முன்னிலையில் இதைச் சொல்கிறேன்.

எங்கள் டிஸ்பென்சரி வேனை ஓட்டுகிறவர் வேதமுத்து அண்ணன். தண்ணீர் இல்லாமல் வண்டியை ஓட்டி எஞ்சினைச் சூடேற்றி, இறுகிப் பிடிக்கவைத்ததாகவும், அதனால் ஒரு குழந்தை இறந்ததாகவும் அவர் மேல் கேஸ் எழுதி லாக்கப்பில் வைத்திருக்கிறீர்கள். அவரும் ஆமாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அது உண்மை அல்ல.

திங்கட்கிழமை அந்த வேனின் எஞ்சின் ஹெட்டைக் கழற்றி கேஸ்கட் மாற்றினேன். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வேலை முடிந்து ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினேன். எங்கள் எஸ்டேட்டில் பேட்டரி எல்லாம் பழசு என்பதால், தள்ளி ஸ்டார்ட் செய்வதற்கு வசதியாக எந்த வண்டியையும் மூக்கு இறக்கத்தைப் பார்க்கத்தான் நிறுத்துவோம். அப்படி நிற்கும் வண்டியில் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டர் கழுத்து வரை நிறைந்துவிடும், ஆனால் மேடாக இருக்கும் ஹெட்டின் பின்பக்கத்தில் காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் தண்ணீர் ஊற்றிய பிறகு வண்டியை ஃபேக்டரி முன்னால் உள்ள சமதளத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பி, மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி, குமிழி வருவது நிற்கும் வரை தண்ணீர் விட வேண்டும். இதைத்தான் நாங்கள் ஏர் எடுப்பது என்போம். அரை மணி நேர வேலை.

அன்று ஃபேக்டரி முன்னால் கொழுந்து லாரி சேற்றில் புதைந்து இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. சிறிது நேரம் காத்திருந்த பிறகு எனக்குப் பசி வந்துவிட்டது, நாளைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று சாப்பிடப் போய்விட்டேன். அதன் பிறகு ஒரு மணிக்கு வேதமுத்து அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, "ஏலே சந்தனம், ஏர் எடுத்தாச்சா?" என்று கேட்டார். என் வேலையைப் பற்றி டிரைவர்கள் கேள்வி கேட்டால் எனக்குப் பிடிக்காது. வேறு இரண்டு டிரைவர்களும் பக்கத்தில் நின்றார்கள். "எடுத்தாச்சுண்ணே, வேற வேலை இல்லையா?" என்றேன். அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீர் விரலில் பட்டது. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மூடியைப் போட்டார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதன் பிறகு இரண்டரை மணிக்கு, கொழுந்து எடுக்கும் பூமாரிக்குப் பிரசவ வலி கண்டு குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே மூணாறுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டிஸ்பென்சரியிலிருந்து ஆள் வந்தது. பூமாரியையும் அவள் புருஷன் நல்லதம்பியையும் ஏற்றியதும் நாலு பேர் சேர்ந்து வேனைத் தள்ளினோம். நானும் தள்ளினேன். அப்போது சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சூடு ஏறினால் மீட்டர் ஊசி காட்டிக் கொடுத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எஞ்சினுக்குள் சூட்டை அளந்து ஊசிக்குச் சொல்லும் முனை தண்ணீரில் முங்காமல் காற்றில் நின்றால் ஊசி ஏறாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நாலு மைல் தள்ளி ஏற்றத்தில் எஞ்சின் பிடித்து வேன் நின்றுவிட்டதாகச் செய்தி வந்து, அதற்குள் சேற்றிலிருந்து மீட்டிருந்த கொழுந்து லாரியில் கருவிப் பையுடன் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. ரோட்டோரத்தில் கொழுந்து எடுக்கும் பெண்கள் சாக்கைப் பிடித்துப் பூமாரியை மறைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை பிறந்திருந்தது, அழவில்லை. மின்சார வாரியத்து ஜீப் ஒன்று வந்து பூமாரியை ஏற்றிப் போனது, அவள் பிழைத்துவிட்டாள். நல்லதம்பி செருப்பைக் கழற்றி வேதமுத்து அண்ணனை அடித்தார். அவர் கையைக்கூடத் தூக்காமல் நின்றார். நான் வேனைப் பார்த்தேன். ஊசி பாதிக்குக் கீழேதான் நின்றது. ஹெட்டில் கை வைக்க முடியவில்லை. லாரியில் வந்திருந்த மேனேஜர் என்னிடம், தண்ணீர் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த நேரத்தில் உண்மையாகவே தண்ணீர் இல்லை, எல்லாம் ஆவியாகிவிட்டிருந்தது. அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். வேதமுத்து அண்ணன் பக்கத்தில் நின்று அதைக் கேட்டார்.

நேற்று அவருக்குச் சோறு கொண்டுவந்தேன். என்னைக் காட்டிக் கொடுக்காமல் பழியை ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன், அதற்கு நன்றி சொல்லவும் நினைத்தேன். அவர் சோற்றைத் தொடாமல், "நீ ஏர் எடுத்தாச்சுன்னு சொன்ன. அப்ப தண்ணிய நான்தாம்லே பாக்காம விட்டிருக்கணும். விரல விட்டுப் பாத்த மாதிரியே இருக்கு. எனக்குக் கோட்டி பிடிச்சிருக்கும் போல" என்றார். என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அதன் பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

இதைச் சொன்னால் எனக்கு வேலை போகும், லயத்து வீடும் போகும், நல்லதம்பி என்னை விடமாட்டார் என்பதெல்லாம் தெரிந்தே சொல்கிறேன். யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேதமுத்து அண்ணன் தண்ணீர் பார்த்தார்.

எழுதியதை ஏட்டு முழுக்க வாசித்துக் காட்டினார், நான் சொன்னபடியே உள்ளது. வேதமுத்து அண்ணன் தண்ணீர் பார்த்தார் என்ற கடைசி வரியை மட்டும் அண்ணன் இருக்கும் லாக்கப் அறைக்குக் கேட்கும்படி சத்தமாக இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். அதன் பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
ந. சந்தனம்