உப்புமா வேண்டாம்

திருச்செங்கோடு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்த அம்மாள் பெருமையாகச் சொன்னார்: "நேத்து நான் கிண்டுன உப்புமாவ ஒரு புள்ள தட்டோட தள்ளி உட்டுட்டாளுங்க."

பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். "அதுல என்னங்க்கா சந்தோசம்?"

"தாய் தகப்பன் இல்லாத புள்ளைங்க ஹோம்ல சமைக்கறேனுங்க. இவ வந்து ரெண்டு வருசமாச்சு. எதப் போட்டாலும் தின்னுட்டுத் தட்டக் கழுவி வெச்சுருவா. வேணும், வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. சொன்னா வெளிய அனுப்பிருவோம்னு பயம்."

"நேத்து?"

"எனக்கு உப்புமா புடிக்காது, தோச சுட்டுக் குடுன்னு அதட்டுறா."

"சுட்டுக் குடுத்தீங்களா?"

"உடனே சுட்டேனுங்க." அம்மாளின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. "முறுகலா இல்லியாமா. மொத தோசையத் திருப்பிக் குடுத்துட்டா."