குடுவைக்கு முன்னால் பத்து நிமிடம்

மதியம் சாப்பிட்டு முடித்ததும் எனக்குக் கொஞ்சம் பேசியாக வேண்டும். சிலருக்குத் தூக்கம், சிலருக்குச் சிகரெட், எனக்குப் பேச்சு. அலெக்சாண்டிரியாவில் மருத்துவ அறிவியல் துறைக்கு வந்த முப்பத்தோரு ஆண்டுகளில் நான் பேசாத நாள் இல்லை. விசாரணைக் குழுவினரே, உங்களில் மூன்று பேர் என் மாணவர்கள். என் பேச்சின் நீளம் உங்களுக்குத் தெரியும். ஆகவே எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

ரபாப் முனைவர் பட்டத்துக்கு என்னிடம் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்தேழு. ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த செல்களைக் குடுவையில் வளர்த்து, எந்த மருந்துக்கு அவை மடிகின்றன என்று பார்ப்பதுதான் அவள் ஆய்வு. முதல் ஆண்டில் வெளிநாட்டிலிருந்து ஐந்து பேர் எங்கள் ஆய்வகத்தைப் பார்க்க வந்தார்கள். அவளுடைய திறந்த குடுவைக்கு அருகே நின்று, உயிரின் கண்ணியம் பற்றி அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க. மாஸ்க் போட்டுக்கிட்டுப் பேசுங்க. எச்சில் தெறிக்குது" என்றாள்.

ஐந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

அவள் சொன்னது சரிதான். மனிதத் தொண்டையில் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் குடியிருக்கும். அது குடுவைக்குள் விழுந்தால் திரவம் கலங்காது, நாற்றமும் வராது. செல்கள் மட்டும் மெல்லத் தளரும். கிடைக்கிற முடிவு எதையும் நம்ப முடியாது. அடுத்த வாரம் அவள் லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் போனதும் உள்ளே போனேன். குடுவைகளில் கிருமி விழாமல் காக்கும் காற்றுப்பெட்டியின் விசிறியை நிறுத்தினேன். மாஸ்க் போடாமல், குடுவையின் மூடியைத் திறந்து, ஒரு மாநாட்டுக்கான தொடக்க உரையைப் பத்து நிமிடம் பேசிப் பார்த்தேன். எந்த அரங்கும் அவ்வளவு அமைதியாக என்னைக் கேட்டதில்லை.

அதன்பின் நான்கு ஆண்டுகள். அதே நோயாளியின் செல்களை உறையவைத்துச் சேமித்த குப்பிகளில் ஒன்றை அவள் எடுத்து வளர்ப்பாள். செல்கள் தேறிவரும் சமயத்தில் நான் ஓர் உரை தயாரிப்பேன். ஒருமுறை ஆய்வக ஊழியர் பயூமி கதவைத் திறந்துவிட்டார்.

"யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க டாக்டர்?"

"செல்லுங்ககிட்ட."

"ஐயோ பாவம். எங்களுக்காவது கால் இருக்கு, எந்திரிச்சுப் போயிடலாம்."

உங்களிடம் சாட்சி சொன்னவர் அவர்தான் என்று அறிகிறேன். அவருக்கு என்னை மிகவும் பிடிக்கும்.

ரபாப் என்னிடமே யோசனை கேட்டு வந்தாள். வழிகாட்டியிடம் வராமல் வேறு யாரிடம் போவாள்?

"இதோட நாலாவது தடவை டாக்டர். எங்க தப்பு பண்றேன்னே புரியல."

"உன் வாய்தாம்மா காரணமா இருக்கும். சில பேருக்கு அப்படி அமைஞ்சிடும். நீ கொஞ்சம் ஜாஸ்தியாப் பேசுற."

அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். இரண்டு மாஸ்க் போட்டாள். நாளுக்கு ஆறு முறை மருந்துத் தண்ணீரில் கொப்பளித்து உதடு வெடித்துப்போனது. தொண்டையைச் சோதிக்க வேண்டும் என்றாள். மாதிரியை நானே வாங்கிச் சோதித்தேன். சுத்தமாக இருந்தது. மாற்றிச் சொன்னேன்.

அன்றிலிருந்து ஆய்வகத்தில் அவள் வாய் திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் காகிதத்தில் எழுதிக் காட்டுவாள். அவள் மகள் லமீஸுக்கு அப்போது மூன்று வயது. உன்னிடமிருந்து குழந்தைக்கும், குழந்தையிடமிருந்து உனக்கும் தொற்றலாம் என்றேன். அறிவியல்படி அதை யாரும் மறுக்க முடியாது. துறை விழாவுக்குப் பிள்ளையைக் கூட்டிவந்திருந்தாள். அது கன்னத்தை நீட்டியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆய்வாளருக்கு வேண்டிய ஒழுக்கம் ஒருவழியாக வந்துவிட்டதே என்று எனக்கு நிறைவாக இருந்தது.

பிப்ரவரியில் கடைசிக் குப்பியை எடுத்தாள். அந்த நோயாளி எப்போதோ இறந்துவிட்டார். இனி அந்தச் செல்கள் உலகில் எங்கும் கிடைக்கா. இம்முறை அவை அருமையாக வளர்ந்தன. பதினைந்து நிமிடம் பேசினேன். மார்ச்சில் அவளுடைய பதிவுக் காலம் முடிந்தது. நீட்டிப்புக்கு என் கையெழுத்து ஒன்றே பாக்கி. போடவில்லை. பெயரை அடித்துவிட்டார்கள்.

செய்தது நான்தான், எதையும் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அறிக்கையில் வன்மம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவளுடைய முடியாத ஆய்வேட்டை நேற்று புரட்டினேன். அட்டவணைகள் எல்லாம் குப்பை. நன்றியுரையில் மட்டும், கணவனுக்கும் பிள்ளைக்கும் மேலே, என் பெயரை எழுதியிருக்கிறாள். மனம் உடைந்த நாட்களில் தன்னிடம் உண்மையைச் சொன்னவர் இவர் ஒருவரே என்றும் எழுதியிருக்கிறாள். அந்தப் பக்கத்தை மட்டும் என் பணிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். நான்கு ஆண்டு உழைப்பில் அவள் பிழையில்லாமல் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.